ஒரு சாண் இடைவெளி

ஜூலை மாதம் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. ஐந்து நாள்களாக விடாது பெய்த மழை அன்று காலையில் ஓய்ந்திருந்தது. எனினும் வானத்தின் கருமை நீங்கவில்லை, காற்றின் ஈரமும் குறையவில்லை. இத்தகைய நாள்களில் மரம் நீரை உண்டு பருக்கும். நன்கு இழைத்துப் பொருத்திய கதவும் சட்டத்தில் இறுகும். இழுப்பறைகள் அடம் பிடிக்கும். முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்பவனாகிய எனக்கு இது நன்கு தெரியும். தெரிந்தே செய்த பிழை ஒன்றினைப் பற்றி இங்கு எழுதுகிறேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு என் தம்பி பட்டறை வாசலில் வந்து நின்றான். தெருவில் அவனுக்குச் ‘சீவல்’ என்று பெயர். இழைப்புளியின் வாயிலிருந்து சுருண்டு விழும் மரச்சீவலைப் போல மெலிந்தவன் என்பதால், உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. பன்னிரண்டு ஆண்டுகள் என்னுடன் ஒரே மேசையில் வேலை செய்தான். பிறகு போதை ஊசிக்குப் பழகினான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவனை வீட்டை விட்டு வெளியேற்றினேன். ‘அதை விட்டுவிட்டு வா, அதுவரை என் படியை மிதிக்காதே’ என்பதே நான் விதித்திருந்த விதி.

“அண்ணா, இன்னையோட நாப்பது நாள்,” என்றான்.

நான் இழைப்புளியை நிறுத்தவில்லை. “எதுக்கு நாப்பது?”

“தெரியாத மாதிரி கேக்காத. ஊசியத் தொட்டு நாப்பது நாளாச்சு. நம்பலைன்னா கையப் பாரு.”

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி நீட்டினான். பழைய தழும்புகள் இருந்தன. புதியது ஒன்றும் இல்லை.

“சரி. நல்லது.”

“நல்லதுன்னா? வீட்டுக்கு வரட்டுமா? தங்கக்கூட இல்ல. அண்ணி கையால ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போயிடுறேன்.”

“நூறு ஆகட்டும்.”

“நூறா? போன தடவை முப்பதுன்னு சொன்ன!”

“போன தடவை இருபத்தெட்டுலயே கவுந்துட்ட. அதான் ஏத்திட்டேன்.”

அவன் சிரித்தான். “மரத்தைத்தான் எப்பவும் கொஞ்சம் கூட வச்சு அறுப்ப. எனக்குமா?”

மேசையின் மேல் இருந்த சீவல் ஒன்றை எடுத்து விரலில் மோதிரம்போலச் சுற்றிப் பார்த்தான். பின் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினான். பேருந்து நிறுத்தம் இடப்பக்கம் உள்ளது. அவன் வலப்பக்கம் திரும்பினான். வலப்பக்கத்தில் நான்கு கடைகளைக் கடந்தால் ஒரு சந்து. அந்தச் சந்தின் முனையில்தான் ‘நலவாழ்வு நடுவம்’ இருந்தது. அவன் சென்ற திசையை நான் கண்டேன். கண்டும் அழைக்கவில்லை.

நடுவத்தைத் தெருவில் எவரும் அப்பெயரால் அழைத்ததில்லை. ‘ஊசிக்கடை’ என்பார்கள். போதை ஊசி போட்டுக்கொள்வோர் பயன்படுத்திய ஊசிகளை அங்கு ஒப்படைத்துவிட்டுப் புதியவற்றைப் பெற்றுச் செல்லலாம். புண்ணுக்கு மருந்து இடுவார்கள். இரத்தப் பரிசோதனை செய்வார்கள். விட நினைப்பவரை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கு ஊசி போட்டுக்கொள்ள அனுமதி கிடையாது. ஆனால் சந்தின் பக்கம் திறக்கும் கழிவறை ஒன்று உண்டு. அதனுள் சென்றவர் என்ன செய்கிறார் என்பதை யாரால் தடுக்க இயலும்? ஆதலால்தான் மூன்று மாதங்களுக்கு முன் அந்நடுவத்தின் செவிலியர் என் பட்டறைக்கு வந்து ஒரு கதவு வேண்டும் என்றார்.

அவர் கேட்ட கதவு எனக்குப் பிடிக்கவில்லை. அது வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே போட்ட தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்ப முடிய வேண்டும். கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும்.

“வெளிய தொறந்தா கீலும் வெளிய இருக்கும் சிஸ்டர். திருடன் ஆணியத் தட்டிக் கழட்டிடுவானே?” என்றேன்.

“கழிவறையில எதைத் திருடுவான் அண்ணே, வாளியையா?” என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினார். “உள்ள விழுந்தவங்க கதவு மேலதான் சாய்வாங்க. உள்பக்கம் தொறக்குற கதவுன்னா தள்ள முடியாது. நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் தட்டுவேன். பதில் வரலைன்னா குனிஞ்சு பாப்பேன். காலு நிக்குதா, கிடக்குதான்னு தெரியணும். அவ்வளவுதான்.”

அவர் கூறியபடியே செய்து மாட்டினேன்.

இரண்டு மாதங்கள் சென்றபின் எங்கள் தெருச் சங்கத்தின் தலைவர் என்னை அழைத்தார். அவர் சலவைக்கடை வைத்திருப்பவர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர். பள்ளி விட்டு அந்தச் சந்தின் வழியே வரும் பிள்ளைகள் கதவின் கீழே தெரியும் கால்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றும், சில பையன்கள் குனிந்து நின்று கேலி செய்கிறார்கள் என்றும் சொன்னார். “ஒரு பலகை வச்சு மூடிடுங்க அண்ணே. உள்ள என்னவோ நடந்துட்டுப் போகட்டும். கண்ணுல படக் கூடாது. கட்டடக்காரர்கிட்ட நான் சொல்லிட்டேன்.”

உண்மையைச் சொன்னால், அந்த இடைவெளி எனக்கும் உறுத்தலாகவே இருந்தது. தரையைத் தொடாத கதவு, அளவு தெரியாதவன் செய்த கதவு போலத் தோற்றமளிக்கும். வழியே செல்வோர் ‘யார் செய்தது இது?’ என்று கேட்டிருப்பார்கள். ஆகவே, நடுவத்திற்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சென்று, எட்டுத் திருகாணிகளைக் கொண்டு பலகையைப் பொருத்தினேன். பட்டறையில் காய்ந்த மரம் இல்லை. இருந்த பச்சை மரத்தையே இழைத்தேன். வழக்கமாக மழைக்கென்று இரண்டு நூல், அஃதாவது கால் அங்குலம், இடம் விட்டு அறுப்பேன். அன்று விடவில்லை. ஒளிக்கீற்றுகூட நுழையாதவாறு வாசற்படியின் சிமெண்டோடு ஒட்ட வைத்தேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது.

மறுநாளே செவிலியர் வந்தார். “கழட்டிடுங்க அண்ணே.” மழை தொடங்கியிருந்தது. “மழை நிக்கட்டும் சிஸ்டர்,” என்றேன். மழை ஐந்து நாள்கள் நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் நின்றபோது நான் போகவில்லை. அன்று பிற்பகல் சங்கக் கூட்டம் இருந்தது. நடுவத்தை அகற்றக் கோரும் மனுவை வாசிக்க வேண்டியவன் நான். அதை எழுதியவனும் நானே. என் கையெழுத்து அச்சுக் கோத்தாற்போல் இருக்கும் என்பதால், தலைவர் வேறு எவரிடமும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குச் சங்கத்தின் மாடிக்கூடத்தில் இருபத்தெட்டுப் பேர் கூடினோம். ஈரக் குடைகள் மூலையில் நீர் வடித்துக்கொண்டிருந்தன. தீர்மானத்தைக் கையுயர்த்தி நிறைவேற்றுவது எங்கள் வழக்கம். பாதிக்கு மேல் கை உயர்ந்தால் அது முடிவு.

மருந்துக்கடை நடத்தும் அம்மையார் முதலில் எழுந்தார். “மூடிட்டா அவங்க எங்க போவாங்க? என் கடை வாசலுக்குத்தான் வருவாங்க. அந்த ரூம் வர்றதுக்கு முன்னாடி காலையில கடை தொறக்கும்போது வாரத்துக்குப் பத்து ஊசி பெருக்கித் தள்ளுவேன். இப்ப மாசத்துக்கு ஒண்ணு கிடக்குது. அவ்வளவுதான்.”

“அப்ப உங்க வீட்டு மாடியிலேயே ஒரு ரூம் குடுங்களேன்!” என்றார் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். “டிக்கெட் நான் கிழிச்சுத் தர்றேன்.” கூடம் சிரித்தது.

“நீங்க கிழிச்ச டிக்கெட்ல எவன் சரியான ஸ்டாப்ல இறங்கினான்?” என்று அம்மையார் திருப்பிக் கொடுத்தார். சிரிப்பு அவர் பக்கம் சாய்ந்தது.

தலைவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “அந்த மாசத்துக்கு ஒண்ணு இருக்கே, அது என் பேத்தி கையில இருந்தது,” என்றார். “அஞ்சு வயசு. பொம்மைக்குக் காய்ச்சல், ஊசி போடணும்னு எடுத்துட்டு வந்து என் மடியில வச்சா. நுனியில ரத்தம். ஆறு மாசமா அவளை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கிட்டு இருக்கேன், டெஸ்ட் எடுக்க. நீங்க கணக்கு சொல்றீங்கம்மா. எனக்குக் கணக்கு புரியுது. தூக்கம்தான் வரல.”

மனுவை வாசிக்குமாறு அவர் எனக்குச் சைகை காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. நான் எழுந்தேன். என் மனம் மனுவில் இல்லை. வலப்பக்கம் திரும்பிய இரு கால்களிலேயே இருந்தது. புது ஊசி வாங்கத்தான் போயிருப்பானோ? அல்லது செவிலியரிடம் நாற்பது நாள் கதையைச் சொல்லப் போயிருப்பானோ? இரண்டாவதே உண்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாசிக்கலானேன்.

“பெருமதிப்பிற்குரிய ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேற்படி நடுவத்தின் செயல்கள் எம் பிள்ளைகளின் கண்களில் படாதிருத்தல் வேண்டும் என்பதும்…”

படிக்கட்டில் காலடியோசை தடதடத்தது. நடுவத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா, ஈரத் தரையில் சறுக்கியபடி உள்ளே வந்தாள்.

“தச்சர் எங்க? கதவு தொறக்கல! உள்ள ஆளு விழுந்துட்டாரு, கதவு வரமாட்டேங்குது!”

‘ஆள் யார்?’ என்று நான் கேட்கவில்லை. மனுவை எங்கே வைத்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை. படிகளை எப்படி இறங்கினேன் என்பதும் தெரியாது. பட்டறைக்குள் பாய்ந்து, மேசையிலிருந்த கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலையும் அகன்ற உளியையும் எடுத்துக்கொண்டு சந்தை நோக்கி ஓடினேன். திருப்புளியை எடுக்கவில்லை. எட்டுத் திருகாணிகளைக் கழற்றும் அளவுக்கு நேரமிருக்குமா என்ற ஐயம் கையை வேறுபக்கம் கொண்டுசென்றது.

செவிலியர் கதவின்முன் நின்றிருந்தார். கதவின் கைப்பிடி பெயர்ந்து அவருடைய கையிலேயே இருந்தது. “தாழ்ப்பாளை நாணயத்தால திருப்பிட்டேன். இழுத்தேன். இதுதான் வந்துச்சு,” என்று கைப்பிடியைக் காட்டினார். “மூணே காலுக்குத் தட்டினப்ப ‘இருக்கேன் சிஸ்டர்’னு சொன்னாரு. மூணு இருபதுக்குச் சத்தமே இல்ல. என்னால கீழ பாக்க முடியல அண்ணே. யாரு கிடக்குறா, எப்படிக் கிடக்குறான்னு பாக்கவே முடியல.”

“தம்பியா?”

“ஆமா.”

நான் குனிந்தேன். பலகை நீரை உண்டு பருத்து, வாசற்படியின் சிமெண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. ஐந்து நாள் மழையில் பருத்தது, அவன் உள்ளிருந்து இழுத்துச் சாத்தியதும் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிட்டது. இரு மருங்கிலும் விரல் நுழைய இடமில்லை. என் கையால் நான் இழைத்த பலகை. அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

நெடுக்குவாட்டில் உளியை வைத்து அடித்தேன். முதல் அடியில் உளி புதைந்தது, பிளக்கவில்லை. இரண்டாம் அடிக்கு மரம் முனகியது. சந்தின் முனையில் மாடியிலிருந்து இறங்கி வந்தோர் கூடுவதைக் காதால் அறிந்தேன், தலை திருப்பவில்லை.

“எத்தனை நிமிஷம் தாங்கும் சிஸ்டர்?”

“கேக்காதீங்க. அடிங்க.”

மூன்றாம் அடிக்குப் பலகை தாழ்ப்பாள் பக்கமாக நடுவில் விரிந்தது. உளியை நெம்பினேன். ஒரு முழ நீளத்துக்கு மரம் பெயர்ந்து சந்தில் விழுந்தது. மறுபாதி கீல் பக்கத்தில் இன்னும் இறுகியே இருந்ததால் கதவு அசையவில்லை. எனினும் ஒரு சாண் இடைவெளி கிடைத்துவிட்டது. ஈரச் சிமெண்டில் கன்னம் படும்படி படுத்தேன்.

அவன் முகம் என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில், தரையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. உதடுகள் நாவற்பழத்தின் நிறம் கொண்டிருந்தன. தொண்டையிலிருந்து ஓர் ஒலி வந்தது. குறட்டைபோல் தொடங்கி, முடியாமலேயே நின்றுவிட்டது.

“மறுபாதியையும் உடைக்கிறேன்,” என்று எழப்போனேன்.

செவிலியர் என் தோளை அழுத்திப் பிடித்தார். “கதவு அப்புறம். முதல்ல மூக்கு. என் கை எட்டாது, உங்க கை நீளம்.” போதையை முறிக்கும் மருந்து உள்ள சிறிய வெண்ணிறக் குப்பி ஒன்றை என் விரல்களுக்கிடையே வைத்தார். “நுனியை ஒரு மூக்குல உள்ள வரைக்கும் விடுங்க. கட்டை விரலால அடியை அழுத்துங்க. ஒரே தரம்தான். முன்னாடியே அழுத்திப் பாத்துடாதீங்க, வீணாயிடும்.”

மயிரிழை பிசகாமல் அளவெடுக்கும் கை என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். கதவின் அடிவிளிம்பு மணிக்கட்டைச் சுரண்டியது. நுனி முதலில் அவன் கன்னத்தில் பட்டது. பின் உதட்டில் பட்டது. “மேல,” என்றேன் எனக்கு நானே. மூன்றாம் முறை மூக்கினுள் சென்றது. அழுத்தினேன்.

“போட்டாச்சு!”

“இப்ப உடைங்க.”

மறுபாதியை எப்படி உடைத்தேன் என்று விவரிக்க இயலவில்லை. ஓர் அடி உளியின்மேல் விழாமல் என் பெருவிரலின்மேல் விழுந்தது என்பதை மறுநாள்தான் அறிந்தேன். பலகை தெறித்தது, கதவின் அடியில் விரல்களை நுழைத்து இழுத்தேன், அது வெளிப்புறமாக, ஓர் ஒலியும் இன்றித் திறந்தது. அவனைத் தோள்களைப் பற்றிச் சந்துக்கு இழுத்தோம். செவிலியர் அவன் முகத்தில் மூடியொன்றைப் பொருத்தி மூச்சை ஊதலானார். அவர் ஊதும்போது மட்டும் மார்பு எழுந்தது, நிறுத்தினால் எழவில்லை. ஊதினார், காத்தார், ஊதினார். மூன்று நிமிடங்கள் கழிந்தபின் இரண்டாம் குப்பியை மற்றொரு நாசியில் அழுத்தினார்.



மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு அவன் தானாகவே ஒரு மூச்சு இழுத்தான். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. வெகுநேரம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு இன்னொன்று இழுத்தான். பிறகு இருமினான், உடல் முழுவதும் உதறியது.

“யாரு… எதுக்கு என்னைத் தெருவுல போட்டிருக்கீங்க?” என்று எரிச்சலுடன் கேட்டான். என்னைக் கண்டதும் கண்களைச் சுருக்கினான். அருகில் கிடந்த மரத்துண்டை நோக்கினான். “இந்தப் பலகை… நீதான அடிச்ச?”

“ஆமாடா.”

“உள்ள போகும்போதே நெனச்சேன். திருகாணித் தலையெல்லாம் ஒரே நேரா நிக்குதே, வேற எவன் நிறுத்துவான்னு.” குளிரில் பற்கள் தந்தியடித்தன. “பச்சை மரம். நானா இருந்தா ரெண்டு நூல் விட்டிருப்பேன்.”



அவசர ஊர்தி வந்தது. வந்தவர்கள் அவனைச் சோதித்து, மருத்துவமனைக்கு வருமாறு வற்புறுத்தினர். அவன் மறுத்து ஒரு தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்தான். செவிலியர் என்னைத் தனியே அழைத்தார்.

“நாப்பது நாள் விட்டிருந்தாரு இல்ல? அதான் ஆபத்து. உடம்புக்குப் பழக்கம் போயிடும். மனசு பழைய அளவையே போடச் சொல்லும். நான் குடுத்த மருந்து கொஞ்ச நேரம்தான் தாங்கும். அது இறங்கினதும் உள்ள இருக்குறது மறுபடி அமுக்கலாம். ரெண்டு மணி நேரம் யாராவது பக்கத்துலயே உக்காந்து மூச்சை எண்ணணும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டுக்குக் கீழ போனா என்னைக் கூப்பிடுங்க. உக்காருவீங்களா?”

நடுவத்தின் வாசலில் போடப்பட்டிருந்த நீள இருக்கையில் அவனைச் சாய்த்து உட்காரவைத்து, அருகில் அமர்ந்தேன். ஒரு கையை அவன் மார்பில் வைத்தேன். மற்றொரு கையில் கடிகாரத்தைப் பிடித்தேன். பதினான்கு. பதின்மூன்று. பதினான்கு.

அப்போது தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. “பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன். பிள்ளைங்க நடக்குற சந்து இது.”

“பாத்தோம்,” என்றார் மருந்துக்கடை அம்மையார். “அந்த ரூம் இல்லாம இருந்திருந்தா இந்நேரம் போர்வையால மூஞ்சிய மூடியிருப்போம். அதையும் பாத்தோம்.”

“கூட்டம் இன்னும் முடியல. இங்கேயே முடிச்சுடுவோம். இந்த மாசக் கடைசிக்குள்ள நடுவத்தை மூடணும்ங்கிறவங்க கையத் தூக்குங்க.”

என் தம்பி கண் திறந்தான். “என்ன நடக்குது அண்ணா?”

“ஓட்டு.”

“யாருக்கு?”

“உனக்குத்தான்.”

“ஜெயிச்சுடுவேனா?” என்று கேட்டுவிட்டு மீண்டும் கண்களை மூடிக்கொண்டான்.

கைகள் உயர்ந்தன. மாடியில் உயர்ந்திருந்தால் விரைவாக உயர்ந்திருக்கும். இங்கே அவன் கால்நீட்டிச் சாய்ந்திருக்க, கைகள் தோள்வரை எழுந்து தயங்கி, அண்டை வீட்டாரின் கையைப் பார்த்து, அதன்பின் மெல்ல மேலே சென்றன. அவனைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கியவர் எவரும் இல்லை. எல்லாரும் சுவரையே நோக்கினர். நடத்துநர் கையைத் தூக்கினார்; சற்று நேரத்தில் தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார்.

தலைவர் எண்ணினார். “பதினஞ்சு.” பின் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, உங்க கை?”

“ரெண்டு கையும் வேலையா இருக்கு, தலைவரே.”

இருபத்தெட்டுப் பேரில் பதினைந்து போதும். தீர்மானம் நிறைவேறியது. தலைவர் தம் கடைக்குச் சென்றார். ஓரிரு நிமிடங்களில் திரும்பி வந்தார். வெளுத்து மடித்த கம்பளி ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். குளிரில் உதறிக்கொண்டிருந்த என் தம்பியின்மேல் அதைக் கழுத்துவரை போர்த்தி, ஓரங்களை உட்புறம் செருகினார். தம் பேத்திக்கும் அவ்வாறே செருகுவார் போலும்.

“திருப்பிக் குடுக்க வேணாம். வச்சுக்கட்டும்,” என்று கூறிவிட்டு, எவரையும் பாராமல் போனார்.

பதின்மூன்று. பதினான்கு. ஒருமுறை பதினொன்று வந்தது. “டேய்!” என்று உலுக்கினேன். “எண்ண விடாம நீயே எழுப்புற,” என்றான். அடுத்த நிமிடம் பதினைந்து. இவ்வாறு இரண்டு மணி நேரம் கழிந்தது. தெருவில் போவோரும் வருவோரும் எங்களை நோக்கினர். சிலர் நின்றனர். நான் மறைத்துக்கொள்ள ஒன்றும் செய்யவில்லை.

ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்குச் செவிலியர் அவன் கண்களில் விளக்கடித்துப் பார்த்து, “இனி பயமில்ல,” என்றார். இரண்டு வெண்ணிறக் குப்பிகள் அடங்கிய அட்டைப்பெட்டியை என் கையில் வைத்தார். “மாசக் கடைசிக்கு அப்புறம் நான் எங்க இருப்பேன்னு தெரியாது. இதைக் கைக்கு எட்டுற இடத்துல வைங்க. பூட்டி வைக்காதீங்க.”

“எங்க கூட்டிட்டுப் போற?” என்று கேட்டான் தம்பி.

“வீட்டுக்கு.”

“நாப்பது போய் இன்னைக்கு சைபர் ஆயிடுச்சே.”

“எண்ணினது போதும். நட.”

கதவைத் திறந்த என் மனைவி, அவனையும் கம்பளியையும் என் பெருவிரலின் இரத்தத்தையும் வரிசையாகப் பார்த்தாள். செய்தி எங்களுக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தது. “வாங்க தம்பி,” என்றாள். அவ்வளவே. அவனை நாற்காலியில் அமர்த்திச் சூடாகத் தேநீர் கொடுத்தாள். நான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைக் கழற்றலானேன்.

“என்ன பண்றீங்க?”

“வெளிப்பக்கம் தொறக்குற மாதிரி மாத்துறேன். அடியில ஒரு சாண் வெட்டணும்.”

“நம்ம வீட்டுக் குளியலறையிலயா? என் அக்கா வந்தா என்ன நினைப்பா? உள்ள இருக்குறவங்க காலெல்லாம் தெரியுமே!”

“தெரியணும்.”

“நான் உள்ள இருந்தாலும்?”

“உன் காலு எனக்குத் தெரியாத காலா?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. சிரித்தாளா அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வந்து, சுவரில் சாய்த்து வைத்த கதவின் அடியில் குனிந்து, தன் கையை அகல விரித்து வைத்தாள். பெருவிரல் விளிம்பில், சுண்டுவிரல் மேலே. “இவ்வளவா?”

சுண்டுவிரல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு இழுத்தேன்.

“மழைக்கு ரெண்டு நூல் சேத்துக்கோ,” என்றான் நாற்காலியிலிருந்து தம்பி.

சேர்த்துக்கொண்டு அறுத்தேன். கீல்களை மாற்றி, நிலைச்சட்டத்தில் இருந்த பழைய பள்ளங்களை மரத்துண்டால் அடைத்து, கதவை வெளிப்புறமாகத் திறக்குமாறு தொங்கவிட்டேன். தாழ்ப்பாளை மாற்ற நேரமில்லாததால், அதை முற்றிலுமாகப் பிடுங்கி எறிந்தேன். என் மனைவி என்னுடைய மாற்றுடையொன்றை அவனிடம் கொடுத்தாள். அவன் சட்டைப்பையைத் தானே வெளியே இழுத்துக் காட்டினான், அதில் ஒன்றுமில்லை. நான் கேட்கவில்லை. அவன் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டான்.

நாங்கள் இருவரும் எதிர்ச்சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் அமர்ந்தோம். அட்டைப்பெட்டி என் மடியில் இருந்தது. கதவின் கீழே, ஒரு சாண் வெளிச்சத்தில், இரண்டு கால்கள் நின்றன. தண்ணீர் விழும் ஓசை கேட்டது. ஒரு கால் மற்றொரு காலைத் தேய்த்தது. தண்ணீர் நின்றது. கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நான் எண்ணத் தொடங்கினேன், ஐந்து வரை எண்ணினேன், ஆறு.

இடக்கால் பெருவிரல் அசைந்தது.

“ரெண்டு பேரும் அங்க உக்காந்து என் காலையே பாத்துக்கிட்டு இருக்கீங்களா?” என்று உள்ளிருந்து கேட்டான்.

“ஆமா,” என்றாள் என் மனைவி.

“துண்டு குடுங்க அண்ணி.”

அவள் எழுந்து, குனிந்து, கதவின் அடி வழியாகத் துண்டை நீட்டினாள். உள்ளிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. சற்று நேரத்தில் கதவு வெளிப்புறமாகத் திறந்தது, எங்கும் உரசவில்லை. அப்போது மாலை மணி ஏழு, நிமிடம் பன்னிரண்டு.